ஒரு கேட்டுக்கு மூன்று ரிசீவர்

அக்டோபர் 13, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கவில்லை. ரிமோட்டை அமுக்கினேன். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, மோட்டார் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் போய் அமுக்கினேன். கையைத் தலைக்கு மேல் தூக்கி அமுக்கினேன். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டு அமுக்கினேன். சுலோச்சனா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏனுங், அது டிவி ரிமோட்டான்னு ஒருக்காப் பாத்துக்கங்க" என்றாள். கேட் ரிமோட்தான். முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு எது எந்தச் சாமான் என்று தெரியாதா?

இந்த வீட்டில் நாங்கள் கீழே. மேலே மாடிக்காரன். மாடிக்காரன் என்றால் வாடகைக்கு இருப்பவன் இல்லை, என் கூடப் பிறந்த தம்பி கந்தவேல். பதினோரு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே இந்த டைரியிலும் அவன் பெயரை எழுதுவதில்லை. இன்று ஒரு தடவை எழுதியாகிவிட்டது, இனி எழுத மாட்டேன். அப்பா காலத்துக்குப் பிறகு வீடு பிரிந்தது. கேட் மட்டும் பிரியவில்லை. இரண்டு பேர் காரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

மோட்டாரை விடுவிக்கிற சாவியைப் போட்டுத் திருப்பிக் கையால் தள்ளினேன். இரும்பு கேட், பதினான்கு அடி. இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தது சுலோ.

அக்டோபர் 14, திங்கள்

மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ரிமோட் சொல்வதைக் காதில் வாங்கி மோட்டாருக்குச் சொல்வது ரிசீவர் என்கிற குட்டி அட்டை. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதில் விளக்கு எரியவில்லை. ஆக, ரிசீவர் போய்விட்டது.

காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை இடித்த இடியாக இருக்கலாம். மாடிக்காரன் படபடவென்று நாலைந்து தடவை அமுக்குவானே, அதுவாகவும் இருக்கலாம். எதிர்வீட்டுக்காரர் கண்ணும் நல்ல கண் இல்லை. ஆயுத பூஜைக்கு நான் மோட்டார், பெட்டி, உள்ளே இருக்கிற அட்டைகள் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்து முறையாகக் கும்பிட்டேன், இன்னும் மூன்று நாள் முழுசாக ஆகவில்லை. எனவே சாமி குற்றம் இருக்க வழியே இல்லை.

பாகம் எண்ணைக் குறித்துக்கொண்டேன். மில்லில் நான் இருந்தவரை ஒரு தப்பான சாமானை யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. நாளைக்கு ஒரு மணி நேர வேலை.

அக்டோபர் 15, செவ்வாய்

காந்திபுரத்தில் கேட் மோட்டார் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர், "இந்த மாடல் நிறுத்தி ஆறு வருஷமாச்சுங்க. ரிமோட்டப் பாத்துத்தான் ரிசீவர் குடுக்கோணும். ரிமோட் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

கொண்டுபோகவில்லை. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ரிமோட் எதுக்குங்க, நான் மில் ஸ்டோர்ல இருந்தவன்" என்றேன். அதே நீளம், அதே அகலம், அதே ஐந்து கம்பி, அதே பச்சை நிறம் உள்ள ஒன்றைக் கண்ணாலேயே பொறுக்கி எடுத்தேன். அவர் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். யோசிக்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

மாட்டினேன். விளக்கு அழகாக எரிகிறது. கேட் அசையவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

கடைக்காரருக்குப் போன் போட்டேன். ரிமோட்டின் முதுகில் அலைவரிசை எண் என்ன என்று கேட்டார். 433. வாங்கிய ரிசீவரில்? 315. "நீங்க சிலோன் ஸ்டேஷன் வெச்சுக்கிட்டு கோயமுத்தூர் ஸ்டேஷன் பாட்டு வரலைன்னா எப்படிங்க?" என்றார். போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

மத்தியானம் மாடிக்காரன் கேட்டைத் தள்ளி வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் திருப்பி மூடவில்லை. மாடு உள்ளே வந்து கறிவேப்பிலைச் செடியை மொட்டை அடித்துவிட்டது.

பேசாமல் இருப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. அதற்கு எங்களுக்குச் சிங்காரம் இருக்கிறது. தெருநாய்தான். சாப்பாடு கீழே, தூக்கம் மாடிப்படியில். மாடிக்காரன் வந்து இறங்கியதும் நான் சிங்காரத்தைப் பார்த்து, "ஏன்டா சிங்காரம், கேட்டத் தொறந்தவுங்களுக்குச் சாத்தத் தெரியாதா?" என்றேன். அவன் படியேறிக்கொண்டே, "சிங்காரம், சாத்தறதுக்குத்தான் இந்த ஊட்டுல ஒருத்தரு இருக்கறாருல்ல. வண்டி நடுவுல இருந்தாலும் சாத்திப்போடுவாரு" என்றான்.

இது போன நவம்பர் விவகாரம். அவன் புதுக் கார் வாங்கி நாலாம் நாள், வெளியே போகும்போது கேட் தானாக மூடி, பின்கதவில் இடித்துவிட்டது. ஒரே ஒரு தடவை. நான்தான் ரிமோட்டை அமுக்கினேன் என்று அவன் சொன்னான். ரிசீவர் கோளாறு என்று நான் சொன்னேன். அன்றைக்கு நின்ற பேச்சு. குறுக்கே ஏதாவது வந்தால் கேட்டை நிறுத்துகிற சென்சார் கண் இருந்திருந்தால் இடித்திருக்காது என்பது உண்மை. அணில் ஓடினால்கூட கேட் நிற்கிறது என்று அந்தக் கண்ணைக் கழற்றி வைத்தது யார் என்பது இங்கே தேவையில்லாத பேச்சு.

அக்டோபர் 19, சனி

இந்தத் தடவை வேறு கடை. ரிமோட்டைக் கொண்டுபோனேன். 433 என்று ரிமோட்டிலும் இருக்கிறது, ரிசீவரிலும் இருக்கிறது, நானே மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். ரிமோட்டோடு சேர்த்து செட்டாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என்னிடம் நல்ல ரிமோட் இருக்கும்போது எதற்கு? ரிசீவர் மட்டும் வாங்கி வந்து மாட்டினேன்.

கேட் அசையவில்லை.

கடைக்குப் போன் போட்டால் விஷயம் இது. என் ரிமோட்டின் வயிற்றுக்குள் பத்துக் குட்டிச் சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றை மேலும் கீழும் தள்ளி வைத்தால் ஒரு ரகசிய எண். அது என்றைக்கும் மாறாது, ஃபிக்ஸட் கோட். புது ரிசீவர் ரோலிங் கோட். ஒவ்வொரு தடவையும் புது எண் சொல்கிற ரிமோட்டைத்தான் அது நம்பும். ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறவனைத் திருடன் என்று நினைக்குமாம்.

சுலோவிடம் சொன்னேன். "பத்துச் சுவிட்சுன்னா பத்துப் பொருத்தமும் பாத்திருக்கோணுமுங்க. நீங்க ராசி மட்டும் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். இவளுக்கு இப்போதெல்லாம் வாய் நீளம். ஒரு கிண்ணத்தில் முறுக்கு வைத்தாள், தானே சுட்டதாகச் சொன்னாள். காலையிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியதை நான் பார்க்கவில்லை. நன்றாக இருந்தது, ஆறு சாப்பிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன்.

காலை ஒன்பது மணி. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம். மோட்டார் சத்தம்! ஓடிப் போய்ப் பார்த்தால், மாடிக்காரன் காரில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு புது ரிமோட்டை நீட்டிக்கொண்டிருக்கிறான். கேட் அவனுக்கு நகர்ந்து வழி விடுகிறது. போனான். மூடினான். நான் பழைய ரிமோட்டோடு வேடிக்கை பார்த்தேன்.

நான் மாட்டிய ரிசீவரின் எண்ணைப் பெட்டியைத் திறந்து பார்த்து, அதற்குப் பொருத்தமான ரிமோட்டை வாங்கி வந்து, பதிந்துகொண்டிருக்கிறான். ரிசீவர் என்னுடையது, ரிமோட் அவனுடையது. என் காசில் அவனுக்குக் கேட் திறக்கும், எனக்குத் திறக்காது. இப்படி ஒரு அநியாயம் மில் யூனியன் தேர்தலில்கூட நடந்ததில்லை.

பத்து மணிக்கு ரிசீவரைக் கழற்றி வந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் திரும்பி வந்து தெருவில் நின்று அமுக்கு அமுக்கு என்று அமுக்கினான். கடைசியில் இறங்கித் தள்ளினான். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவனுக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் அவ்வளவாக இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஹாலோ பிளாக் கல் லாரியில் வந்து இறங்கியது. அறுநூறு கல். முற்றத்துக்கு நடுவில் சுவர் எழுப்பி, கிழக்குப் பக்கம் தனக்கென்று தனிக் கேட் வைக்கப் போகிறானாம். கொத்தனார் புதன்கிழமை 30-ஆம் தேதி வருகிறார்.

வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. காற்று வராது, அவ்வளவுதான்.

அக்டோபர் 23, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

சுவர் ஆறடி உயரமாம், மாடிப்படியே அந்தப் பக்கம் போய்விடுமாம். சுலோதான் சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காத்துவாக்குல காதுல உழுந்துச்சுங்க" என்றாள். கொடியில் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். மேலிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டு டிவியாக இருக்கும்.

"செவுரு வந்துட்டா அப்பறம் ஒடைக்கறதுக்கு ஆளு இல்லீங்க" என்றாள் சாயங்காலம். நான் முற்றத்துக்குப் போய்க் கல்லை எண்ணினேன். அறுநூறு சரியாக இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

சுலோ என்னைக் கேட்காமலேயே கேட் மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். பெயர் லூர்துராஜ். என் வயதை நெருங்கினவர், அவசரப்படாத ஆள். முதலில் செத்துப்போன பழைய ரிசீவரைக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

"சார், இது சந்தனங்களா?"

நான் மோட்டார் பெட்டியின் மூடியைத் துடைத்தேன்.

"நல்லா குழைச்ச சந்தனம். சர்க்யூட்டு மேல மூணு பட்டை போட்டு நடுவுல குங்குமம் வெச்சிருக்கீங்க. ஈரம் எறங்கி ஷார்ட் ஆயிருச்சு. வருஷா வருஷம் நாலு கேட்டுக்காவது இந்தக் கேஸ் பாக்கறனுங்க. பெட்டிக்கு வெளிய வெச்சா சாமி ஒண்ணுஞ் சொல்லாது."

சுலோ உள்ளே போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது முதுகுப்பக்கம் இருந்தே தெரிந்தது.

சரி, பேச்சை மாற்றலாம் என்று, "இந்த ரிசீவர் அப்பவே கோளாறுங்க. போன வருஷம் தானாவே கேட்டச் சாத்துச்சு" என்றேன். லூர்துராஜ் தலையை ஆட்டினார். "தானாச் சாத்தாதுங்க. ரிமோட் ஒண்ணு அமுங்காம இது ஒண்ணும் செய்யாது. ஒண்ணு நீங்க அமுக்கியிருக்கோணும், இல்ல இதே கோடு நம்பரு வெச்ச ரிமோட் வேற யாரு கைலயாவது இருந்திருக்கோணும்."

வேறு யார் கையிலாவது! அதுதான். அதுவேதான். லூர்துராஜுக்கு இரண்டாவது காப்பி கொடுக்கச் சொன்னேன்.

அக்டோபர் 25, வெள்ளி

காலை ராகுகாலத்துக்கு முன்பே கிளம்பி, தெருவில் பதினேழு வீடு ஏறி இறங்கினேன். கேட் ரிமோட் இருக்கிறதா என்று விசாரித்தேன். பதினாறு வீட்டில் கேட்டே கையால் தள்ளுகிற கேட். மீதி ஒரு வீட்டில் ரிமோட் என்று எடுத்து வந்து காட்டியது மின்விசிறி ரிமோட். அதையும் விடவில்லை, எங்கள் கேட்டுக்கு நேராகப் பிடித்து அமுக்கச் சொன்னேன். மோட்டாரில் ரிசீவரே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டுக்காரர், "ஏனுங்க மருதாசலம், உடம்புக்குச் சௌகரியம்தானுங்களே?" என்று கேட்டார். அவர் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

லூர்துராஜ் மூன்றாவது ரிசீவர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு ரகத்தையும் ஏற்கிற ரிசீவர். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார். முதன்முதலில் எந்த ரக ரிமோட்டைப் பதிகிறோமோ, அதற்குப் பிறகு அந்த ரகத்தை மட்டும்தான் ஏற்குமாம். என் ஃபிக்ஸட் முதலில் பதிந்தால் மாடிக்காரனின் ரோலிங் செல்லாது. அவனுடைய பழைய ரிமோட்டைப் புதுசு வாங்கின கடையிலேயே கொடுத்துவிட்டானாம். அவனுடையது முதலில் பதிந்தால் என்னுடையது குப்பை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கல்யாண வீட்டில் முதல் தாம்பூலம் யாருக்குப் போகும்? மூத்தவனுக்கு. நான் மூத்தவன். "என்ற ரிமோட்டையே மொதல்ல பதிங்க" என்றேன்.

மேலேயிருந்து மாடிக்காரன் மனைவி பூங்கொடியின் குரல் கேட்டது. "சிங்காரம், பெரிய மாமாகிட்டச் சொல்லு. வேலை செய்யற புது ரிமோட்ட உட்டுப்போட்டுப் பழசப் பதியறது எந்த ஊரு நாயமாம்?" சிங்காரம் அந்த நேரத்தில் தெருக்கோடியில் இருந்தது. இருந்தாலும் எனக்குக் கேட்டது.

லூர்துராஜ் ரிசீவரைப் பையில் போட்டுக்கொண்டார். "குடும்பமா முடிவு பண்ணிக் கூப்புடுங்க" என்றார்.

அக்டோபர் 27, ஞாயிறு

லூர்துராஜ் போன் செய்தார். யோசித்துப் பார்த்தாராம். ஒரே மோட்டாரில் இரண்டு ரிசீவரைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாமாம். ஒன்றில் என் ரகம், இன்னொன்றில் அவன் ரகம். அரை மணி நேர வேலை. "யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்லீங்க சார்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குள் இடம் போதாது. (அளந்தேன். போதும்.) மின்சாரமும் வீண்.

அக்டோபர் 28, திங்கள்

அமுக்கியது நான்தான்.

எழுதிவிட்டேன். நேற்றிலிருந்து லூர்துராஜ் சொன்ன வார்த்தை மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த மாதிரி ஒரு ரிசீவர் எனக்கு வேண்டாம். என் தம்பி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எனக்கு எதிரே போய்வந்துகொண்டிருக்க, கேட் மட்டும் ஒழுங்காக வேலை செய்து என்ன பிரயோஜனம்?

அன்றைக்குப் பேப்பர் எடுக்கக் குனிந்தேன். ரிமோட் சட்டைப்பையில் இருந்தது. முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சிக்கி அமுங்கிவிட்டது. கேட் நகர்வதைப் பார்த்துப் பதறிப் போய் நிறுத்த அமுக்கினேன், காரில் இடித்துவிட்டுத்தான் நின்றது. திறக்க அமுக்கினேன், திறந்தது. கை நடுக்கத்தில் இன்னும் இரண்டு தடவை அமுங்கிவிட்டது, மறுபடியும் மூடி மறுபடியும் இடித்தது. ஒரே ஒரு தடவை என்று மேலே எழுதியிருப்பதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தெருவே கூடி நின்றது. தப்பான சாமான் எடுத்துக் கொடுக்காத மனுஷன் என்று பேர் வாங்கினவன் தப்பான பொத்தானை அமுக்கினேன் என்று எப்படிச் சொல்வது? ரிசீவர் என்று சொல்லிவிட்டேன். ரிசீவருக்கு வாய் இல்லை.

நாளை மறுநாள் கொத்தனார் வருகிறார்.

அக்டோபர் 29, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு மாடிப்படியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தேன். சிங்காரம் பக்கத்தில் படுத்திருந்தது. மேல்படியில் காப்பி டம்ளரோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

"சிங்காரம், போன வருஷம் அந்தக் கேட்டு தானாச் சாத்தலை" என்றேன். "ரிசீவர் மேல பழி போட்டது தப்பு."

காப்பி உறிஞ்சுகிற சத்தம் நின்றது. "சிங்காரம், அப்பறம் யாரு சாத்துனதுன்னு கேளு."

"பேப்பர் எடுக்கக் குனியறப்போ சட்டைப்பைல இருந்தது அமுங்கிப்போச்சு."

"எத்தன தடவ இடிச்சுதுன்னு கேளு."

சிங்காரத்தின் காதைத் தடவினேன். "ரண்டு" என்றேன்.

இந்த இடத்தில் சிங்காரம் எழுந்து, உடம்பை உதறி, தெருவில் ஏதோ ஒரு வண்டியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடிவிட்டது. படியில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது, சொல்ல நாய் இல்லை. எழுந்து திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். தலை நிறைய நரைத்திருந்தது. பதினோரு மாதமாக முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

"கந்தா, நாந்தான்டா அமுக்குனேன். பொய் சொல்லிப்போட்டேன்."

"தெரியுமுங்ணா" என்றான்.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை எடுத்தான். அந்தக் காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கேமரா வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பின்கேமராவில் எல்லாம் பதிந்திருக்கிறது. நான் குனிகிறேன். கேட் நகர்கிறது. நான் ரிமோட்டை நீட்டிக்கொண்டு முன்னே ஓடுகிறேன், பின்னே ஓடுகிறேன், வேட்டி ஒரு பக்கம் நழுவுகிறது, ஒரு கையால் வேட்டி, ஒரு கையால் ரிமோட், கேட்டைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்கிறேன். கும்பிட்டது எனக்கே நினைவில்லை.

"அப்ப ஏன்டா இத்தன நாளு காட்டலை? நாலு பேருகிட்டக் காட்டியிருந்தா நீ சொன்னது நெசம்னு ஆயிருக்குமே."

"காட்டுனா உங்களப் பாத்து ஊரே சிரிக்குமுங்ணா. அதுக்கு நானே பொய் சொன்னவனா இருந்துட்டுப் போறேன்னு உட்டுட்டேன். ஆனா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தனுங். நீங்க எரிச்சல்ல ரிசீவரக் கழட்டிட்டுப் போனீங்க பாருங்க, அன்னைக்குத்தான் இனி சொல்லவே மாட்டீங்கன்னு கல்லு எறக்கிப்போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவனும் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் சுலோவும் பூங்கொடியும். "அந்தக் கும்புடற எடம் வந்துருச்சுங்களா?" என்று சுலோ கேட்டாள். இவள் பத்து மாதமாக மொட்டைமாடியில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்திருக்கிறாள். முறுக்கு வந்த வழியும் இப்போது தெரிந்தது.

அக்டோபர் 30, புதன்

கொத்தனார் எட்டு மணிக்கே வந்து, முற்றத்தில் நூல் பிடித்து, கலவைக்கு வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டார். அதே நேரத்தில் லூர்துராஜும் மூன்றாவது ரிசீவரோடு வந்தார். சுவர் விஷயத்தை நேற்று இரண்டு பேருமே பேசவில்லை. பேச எனக்குப் பயம்.

லூர்துராஜ் ரிசீவரை மாட்டிவிட்டு, "யாரு ரிமோட் மொதல்ல?" என்றார்.

"தம்பியோடதப் பதிங்க" என்றேன்.

"அண்ணனோடதுதான் மொதல்ல" என்றான் கந்தவேல்.

"உன்றது புதுசுடா."

"இருக்கட்டுமுங்ணா, நீங்க மூத்தவிங்க."

"மூத்தவன் சொல்றேன், உன்றதப் பதி."

"மூத்தவிங்கறதுனாலதான் உங்களுது பதியோணுங்கறேன்."

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. குரல் ஏறியது. எதிர்வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்து வெளியே வந்துவிட்டார். அதே இரண்டு ரிசீவர் யோசனையை லூர்துராஜ் மறுபடி எடுத்தார், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை அதட்டினோம். கொத்தனார், "ஏனுங்க, நூலு புடிச்சாச்சு, நான் கலவை போடட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார். கந்தவேல் என்னைப் பார்த்தான்.

நான் என் ரிமோட்டை எடுத்தேன். எட்டு வருஷமாக என் பையில் இருந்தது. பத்துச் சுவிட்சையும் நானே தள்ளி வைத்த எண். கொத்தனாரின் வாளியில் போட்டேன். இரண்டு குமிழி விட்டுவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது.

"இப்ப ஒரு ரகந்தான் இருக்குது" என்றேன். "பதி."

கந்தவேல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குனிந்து, முற்றத்தில் கட்டியிருந்த நூலின் ஒரு முனையை அவனே அவிழ்த்து, சுருட்டி, கொத்தனார் கையில் கொடுத்தான். "செவுரு வேண்டாமுங்க. தீவாளிப் பலகாரம் சாப்புட்டுப்போட்டுப் போங்க."

நான் பெட்டியில் பதிகிற பொத்தானை அழுத்தினேன், பத்து நொடிக்குள் அவன் ரிமோட்டை அமுக்கினான். விளக்கு மூன்று தடவை மின்னியது. கேட் திறந்தது. அவனுடைய செட்டில் இன்னொரு ரிமோட் இருந்தது, அதையும் பதிந்து நீட்டினான். நான் வாங்குவதற்குள் சுலோ வாங்கிக்கொண்டாள். என் சட்டைப்பையில் வைக்கக் கூடாது என்று மூன்று பேரும் சேர்ந்து தீர்மானம் போட்டுவிட்டார்கள். லூர்துராஜும் கையைத் தூக்கினார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எழுத நேரமில்லை, தம்பி கூப்பிடுகிறான்.